எண்ணிலிருந்து ஊருக்கு: நேட்டால் தமிழ்க் குடும்பங்களின் பூர்வீகம் தேடும் முறை

1. ஆய்வுப் பொருள்

கரும்புத் தோட்டம் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது பிஜித் தீவு. பாரதி அதைப் பாடிவிட்டுப் போனதால் வந்த நினைவு அது. ஆள் கணக்கில் பார்த்தால் நிலைமை வேறு. பிஜிக்குச் சென்ற இந்திய ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களில் சென்னை வழியாகச் சென்றவர்கள் நான்கில் ஒரு பங்கு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சென்றவர்கள் 1,52,184 பேர். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

அவர்களின் வழிவந்தவர்கள் இன்று ஐந்தாம், ஆறாம் தலைமுறையினர். பலருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ‘எங்கள் பாட்டனார் எந்த ஊர்?’ என்ற கேள்வி அவர்களிடம் உயிரோடு இருக்கிறது. விடை தேடுவோருக்குக் கையில் கிடைக்கும் முதல் ஆவணம் கப்பல் பதிவேடு. அதில் பாட்டனாரின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் எல்லாமே எழுதப்பட்டிருக்கும். கிடைத்த மகிழ்ச்சியில் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்வதும், பிறகு ஓர் எழுத்துப் பிழையைக் கண்டவுடன் மொத்தத்தையும் தள்ளிவிடுவதும் வழக்கமாக நடப்பவை.

இரண்டும் சரியல்ல என்பது இக்கட்டுரையின் கருத்து. பதிவேடு முதலாளிக்காகவும் அரசுக்காகவும் எழுதப்பட்டது, பேரப்பிள்ளைகளுக்காக எழுதப்பட்டதன்று. ஒரு தகவல் அதை எழுதிய அலுவலகத்துக்கு எவ்வளவு தேவைப்பட்டதோ, அவ்வளவுக்கு அது நம்பத்தக்கது. இந்த அளவுகோலைக் கொண்டு பதிவேட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் மதிப்பிட்டு, அது சொல்லாமல் விட்டதை வேறு எங்கே தேடலாம் என்பதையும் இங்கே ஆராய்வோம்.

2. வரலாற்றுப் பின்னணி

2.1 ஏன் நேட்டால்?

நேட்டாலைப் பிரித்தானியா 1843-இல் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. 1850-களில் கடற்கரை ஓரமாகக் கரும்பு சாகுபடி பரவியது. உள்ளூர் ஜுலு மக்களுக்குச் சொந்த நிலமும் கால்நடையும் இருந்தன. ஆண்டு முழுவதும் குறைந்த கூலிக்கு வெள்ளையர் தோட்டத்தில் உழைக்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இல்லை. மொரீஷியஸ் தீவில் இந்தியக் கூலிகளைக் கொண்டு சர்க்கரைத் தொழில் கொழித்ததைக் கண்ட நேட்டால் தோட்டக்காரர்கள் தங்களுக்கும் அதே ஏற்பாட்டைக் கேட்டார்கள். 1859-இல் நேட்டாலிலும் 1860-இல் இந்தியாவிலும் அதற்கான சட்டங்கள் வந்தன. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் நவம்பர் 16-ஆம் நாள் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து ‘பெல்விடேர்’ வந்து சேர்ந்தது.

2.2 இரண்டு கட்டங்கள்

1866-இல் நேட்டால் பொருளாதாரம் சரிந்ததும் ஆள் ஏற்றுவது நின்றது. ஒப்பந்தம் முடிந்து 1871-இல் தாய்நாடு திரும்பியவர்கள் அடி உதை, கூலிப் பாக்கி என்று புகார்களை அடுக்கினார்கள். இந்திய அரசு தலையிட்டது. 1872-இல் விசாரணைக் குழு அமைந்தது. குடியேறிகளின் நலன் காக்கப் ‘புரொடெக்டர்’ என்ற அதிகாரி நியமிக்கப்பட்டார். 1874-இல் மீண்டும் கப்பல்கள் ஓடத் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது.

இந்த இடைவெளி குடும்ப வரலாறு தேடுவோருக்கு முக்கியமானது. 1860-66 காலத்துப் பதிவுகளைவிட 1874-க்குப் பிந்தியவை விரிவானவை. புரொடெக்டர் அலுவலகம் வந்த பிறகு புகார், திருமணம், பிறப்பு, இறப்பு, தோட்டம் மாறுதல் எல்லாம் ஒரே இடத்தில் கோப்பாகச் சேர்ந்தன.

3. கப்பல் பதிவேடு: கட்டம் கட்டமாக ஒரு மதிப்பீடு

டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ள இப்பதிவேடுகளில் ஒருவருக்கு ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடல் அடையாளம், எந்தத் தோட்டக்காரரிடம் ஒப்படைப்பு என்று கட்டங்கள் நீளும். ஓரத்தில் பிற்காலக் குறிப்பாக இறந்தது, ஊர் திரும்பியது போன்றவை எழுதப்பட்டிருக்கும். ‘தாணா’ என்ற தலைப்பே படிவம் எங்கே உருவானது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. அது வங்காளத்து நிர்வாகச் சொல். சென்னைப் பட்டியல்களில் அந்தக் கட்டத்தில் தாலுகா பெயரை எழுதினார்கள்.

3.1 எண்

மிக உறுதியான தகவல் எண்தான். ஒவ்வொரு குடியேறிக்கும், கைக்குழந்தை உட்பட, ஒரு தொடர் எண் தரப்பட்டது. கூலி, மருத்துவமனை, நீதிமன்றம், திருமணப் பதிவு என எல்லா இடத்திலும் ஆளோடு அந்த எண் போனது. நேட்டாலில் பிறந்த பிள்ளைகளைப் பெற்றோரின் எண்ணைச் சொல்லியே பதிந்தார்கள். எனவே குடும்பத்தில் கிடக்கும் பழைய திருமணச் சான்றிலோ இறப்புச் சான்றிலோ எண் ஒன்று தென்பட்டால் தேடலில் பாதி முடிந்ததுபோலத்தான்.

ஓர் எச்சரிக்கை: ஊர் திரும்பி, பிழைக்க வழியில்லாமல் மறுபடி கப்பலேறியவர்களும் உண்டு. அவர்களுக்குப் புதிய எண் கிடைத்தது. ஒரே பாட்டனார் இரண்டு எண்களில், இரண்டு வயதுகளில், சில வேளை இரண்டு பெயர்களில் இருக்கக்கூடும்.

எண்ணின் இன்னொரு பயன் அதன் அக்கம்பக்கம். கணவன், மனைவி, பிள்ளைகள் பொதுவாக அடுத்தடுத்த எண்களில் வருவார்கள். ஒரே தாலுகாவில் சேர்க்கப்பட்டவர்களும் கொத்தாக வருவதுண்டு. ஊர்ப்பெயர் மங்கியிருந்தால் மேல் வரியையும் கீழ் வரியையும் படித்தால் விளங்கிவிடும். தேடுபவர்கள் தங்கள் பாட்டனாரின் வரியை மட்டும் படம்பிடித்துக்கொண்டு வருவது பெரிய இழப்பு; அந்தப் பக்கம் முழுவதையும் எடுக்க வேண்டும்.

3.2 உடல் அடையாளமும் உயரமும்

இடது முழங்காலில் வடு, நெற்றியில் பச்சை, வலது மார்பில் மச்சம் என்று எழுத்தர்கள் கவனமாகக் குறித்தார்கள். காரணம் வெளிப்படை. தோட்டத்தை விட்டு ஓடியவரைப் பிடிக்க இதுதான் வழி. அலுவலகத்துக்கு மிகவும் தேவைப்பட்டதால் இது நம்பகமானது. புகைப்படம் இல்லாத குடும்பத்துக்குப் பாட்டனாரின் தோற்றம் பற்றிய ஒரே சாட்சியும் இதுவே.

3.3 பெயர்

பெயரைச் சொன்னவர் தமிழில் சொன்னார். எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் பிடித்தார். முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாதவர்களிடம் நேட்டால் நிர்வாகம் அதைக் கேட்டது. சிலர் தகப்பன் பெயரைத் தந்தார்கள். பெருமாள், முனுசாமி, வீராசாமி ஆகியவை இப்படிக் குடும்பப் பெயர்களாக நிலைத்தன. வேறு சிலர் சாதிப் பட்டத்தைத் தந்தார்கள். கவுண்டர் ‘கவெண்டர்’ என்றும், முதலியார் ‘மூட்லி’ என்றும், நாயுடு, பிள்ளை, படையாட்சி ஆகியவை ஏறத்தாழ அப்படியேயும் இன்றைய டர்பன் தொலைபேசிப் புத்தகத்தில் இருக்கின்றன. அண்ணன் ஒரு பெயரையும் தம்பி வேறொன்றையும் எடுத்துக்கொண்ட வீடுகளும் உண்டு. பெயர் ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாடக் கூடாது. பெயர் வேறுபடுவதால் உறவில்லை என்றும் முடிவு கட்டக் கூடாது.

3.4 சாதியும் வயதும்

மிகவும் பலவீனமான கட்டங்கள் இவை. தொடக்ககாலப் பட்டியல்களில் ‘மலபார்’, ‘ஜென்டூ’ என்றெல்லாம் சாதிக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. முதலாவது அக்கால ஐரோப்பிய வழக்கில் தமிழ் பேசுபவரையும் இரண்டாவது தெலுங்கு பேசுபவரையும் குறித்தது. இரண்டுமே சாதிகள் அல்ல. கேரள மலபாரிலிருந்து வந்ததாகத் தவறாக நினைத்துக்கொள்ளும் அபாயம் இதில் இருக்கிறது.

பிற்காலப் பட்டியல்களில் சாதிப் பெயர்கள் தெளிவாக உள்ளன. ஆனால் கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த, ஊரார் அறியாத டிப்போவில், விவசாய வேலை தெரிந்தவர்களையே விரும்பிய முகவரிடம் ஒருவர் என்ன சொல்லிக்கொண்டார் என்பதுதான் அங்கே பதிவாகியிருக்கிறது. கடல் கடந்த பின் பட்டம் மாற்றிக்கொண்டவர்களும் பலர். ஆகவே இன்று ஒரு குடும்பம் ‘பிள்ளை’ என்றோ ‘கவெண்டர்’ என்றோ இருப்பதிலிருந்து 1880-இல் அவர்கள் ஊரில் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்று கணிக்க முடியாது. வயதோ எழுத்தரின் கண்மதிப்பு.

3.5 ஊர்

ஊர் இடைநிலையில் நிற்கிறது. ஜில்லா பெரும்பாலும் சரி. தாலுகா ஓரளவு சரி. கிராமம் ஊகத்துக்கு உரியது. வடஆற்காடு, செங்கல்பட்டு, தென்னாற்காடு, தஞ்சாவூர், திருச்சி, சேலம் ஆகிய ஜில்லாக்கள் தமிழ்ப் பகுதியில் அடிக்கடி வருபவை. ஆனால் அந்த எல்லைகள் இன்று இல்லை. ஒப்பந்தக் கூலி முறை நேட்டாலுக்கு நின்ற அதே 1911-ஆம் ஆண்டில்தான் வடஆற்காட்டிலிருந்து சித்தூர் தனி ஜில்லா ஆனது; அதுவரை சேலத்தில் இருந்த திருப்பத்தூர் வடஆற்காட்டுக்கு வந்தது. எனவே பதிவேட்டில் ‘சேலம், திருப்பத்தூர்’ என்றிருந்தால் இன்றைய சேலம் மாவட்டத்தில் அலைந்து பயனில்லை. ‘வடஆற்காடு’ என்றிருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கம் என எதுவாகவும் இருக்கலாம். கிராமக் கட்டத்தில் ‘புதூர்’ என்றோ ‘நல்லூர்’ என்றோ கண்டால் தாலுகா தெரியாமல் ஓர் அடி நகர முடியாது.

4. ஒப்பந்த வாழ்க்கை: புகாரில் தெரியும் முகம்

4.1 கூலிக் கணக்கு

ஒப்பந்தம் ஐந்தாண்டு. ஆணுக்கு முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் ஆண்டில் 14. ஒரு நாளும் பிடித்தம் இல்லாமல் வாங்கியிருந்தால் ஐந்தாண்டுக்கு மொத்தம் 36 பவுண்டு. பெண்ணுக்கு அதில் பாதி. கூலியோடு அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு என்று படி அளந்தார்கள். அரிசிக்குப் பதில் மக்காச்சோள மாவும் வந்தது. எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை.

கரும்பு மட்டுமே வேலை என்று நினைப்பதும் தவறு. ரயில்வே, டண்டீ, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்கள், தேயிலைத் தோட்டம், டர்பன் நகராட்சித் துப்புரவு என்று பல இடங்களுக்கு ஆட்கள் பிரித்து அனுப்பப்பட்டார்கள். பதிவேட்டின் ‘ஒப்படைப்பு’க் கட்டம் இதைச் சொல்லும். அடுத்துத் தேட வேண்டிய ஆவணம் எது என்பதையும் அதுவே தீர்மானிக்கும்.

4.2 பாலசுந்தரம்

ஒழுங்காக வேலை செய்து, நோய் வராமல், புகார் செய்யாமல் ஐந்தாண்டு கழித்தவர் ஆவணத்தில் அதற்குமேல் இல்லை. அடிபட்டவர், ஓடியவர், வழக்குப் போட்டவர் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. இதற்கு நாடறிந்த சான்று பாலசுந்தரம். 1894-இல் இந்தத் தமிழ்த் தொழிலாளி தன் முதலாளியிடம் அடிபட்டு, முன்பற்கள் உடைந்து, இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்துக்குள் வந்தார். வெள்ளையரைப் பார்க்கப் போகும்போது தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்று பழக்கப்படுத்தியிருந்தார்கள். அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. மருத்துவச் சான்று பெற்று நீதிபதியிடம் கொண்டுபோய், ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றிக் கொடுத்தார். இச்செய்தி சென்னை மாகாணம் வரை பரவியதாகக் காந்தி தம் வரலாற்றில் குறிப்பிடுகிறார்.

ஒரு குடும்பத்தார் தங்கள் பாட்டனாரைச் சிறைப் பதிவிலோ புகார்க் கோப்பிலோ கண்டால் கூச்சப்பட வேண்டியதில்லை. மற்ற ஆவணங்களில் அலுவலகம் அவரைப் பற்றிப் பேசுகிறது. புகாரில், மொழிபெயர்ப்பாளரின் வாய் வழியாகவேனும், அவரே பேசுகிறார்.

5. தங்கிவிடும் முடிவு

5.1 மூன்று வழிகள்

பத்தாண்டு முடித்தவருக்கு இலவசமாக ஊர் திரும்பும் உரிமை இருந்தது. பயணச் செலவுக்குப் பதிலாக நிலம் தரும் ஏற்பாடு 1870-இல் வந்து 1891-இல் பறிபோனது. 1895-இல் வந்த சட்டம் கடுமையானது: மறுபடி ஒப்பந்தத்தில் சேர், அல்லது ஊருக்குப் போ, அல்லது ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்டு. முதலாண்டுக் கூலியே ஆண்டுக்கு 6 பவுண்டுதான். வரி அதில் சரிபாதி. 1903-இல் இது 16 வயது நிரம்பிய ஆண் பிள்ளைகளுக்கும் 13 வயது நிரம்பிய பெண் பிள்ளைகளுக்கும் நீண்டது. பெற்றோரும் வயது வந்த இரு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 12 பவுண்டு.

அத்தனைக்கும் பிறகு பெரும்பகுதியினர் தங்கினார்கள். குத்தகை நிலத்தில் காய்கறி போட்டுக் கூடையில் சுமந்து விற்றார்கள். டர்பன் குடாவில் வலை இழுத்து மீன் பிடித்தார்கள். 1913-இல் வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தபோது நியூகாசில் சுரங்கத் தொழிலாளரைத் தூண்டி எழுப்பியவர்களில் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். 1914-இல் வரி நீங்கியது.

5.2 பூர்வீகத்தின் தொடக்கப் புள்ளி

கப்பலேறியது பெரும்பாலும் பஞ்சத்தாலும் கடனாலும் வார்த்தை ஜாலத்தாலும் நேர்ந்தது. தங்கியது தெரிந்தே எடுத்த முடிவு. நேட்டால் குடும்பங்கள் பலவும் வம்சாவளியைக் கப்பல் வந்த நாளிலிருந்து எண்ணுகின்றன. ஒப்பந்தம் முடிந்த ஆண்டில் பாட்டனார் எங்கே குடியேறினார், என்ன தொழில் செய்தார், யாரைக் கட்டினார் என்பதிலிருந்து எண்ணுவதே பொருத்தம். அந்தக் குடும்பம் குடும்பமாக உருவானது அப்போதுதான்.

ஒரே தாவலில் முடிந்துவிடாத பயணங்களும் உண்டு. 1913 போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான தம்பி நாயுடு பிறந்தது மொரீஷியஸில், வாழ்ந்தது ஜோகன்னஸ்பர்க்கில். அங்கேயே 1898-இல் பிறந்த வள்ளியம்மையை, சிறைவாசத்தால் நோயுற்று 1914 பிப்ரவரி 22-இல் இறந்த அந்தப் பெண்ணை, தமிழகம் ‘தில்லையாடி வள்ளியம்மை’ என்று பெற்றோரின் ஊரால் அழைக்கிறது. ஊர், தன் மண்ணில் பிறக்காத பெண்ணைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. பூர்வீகம் இரண்டு திசையிலிருந்தும் கட்டப்படுவது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

6. பதிவேட்டுக்கு வெளியே: வழிபாடும் கூத்தும்

எழுத்தர் கேட்காத கேள்விகளுக்கான விடைகள் வீட்டு வழக்கங்களில் தங்கியிருக்கின்றன. வட்டாரத்தை ஊகிக்க இவை உதவும்.

முதலாவது, திரௌபதி அம்மன் வழிபாடும் தீமிதியும். தமிழ்நாட்டில் இவை செஞ்சியை மையமாகக் கொண்ட ஆற்காட்டுப் பகுதியில் செறிந்தவை. பாரதக் கூத்தும் அதே வட்டாரத்துச் சொத்து. நேட்டாலில் தெருக்கூத்து ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்ற பெயரில் தொடர்ந்தது. கப்பல் பட்டியல்களில் ஆற்காட்டு ஜில்லாக்கள் மிகுந்திருப்பதோடு இது நன்றாகப் பொருந்துகிறது. கங்கையம்மன் விழாவை விடாமல் நடத்தும் வீடுகளுக்கு வேலூர், சித்தூர்ப் பக்கம் தேடுவது முதல் படியாக இருக்கலாம்.

இரண்டாவது, இடமாற்றத்தால் உருமாறியவை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் வழக்கம் இன்றும் நடக்கிறது; கேழ்வரகு இருந்த இடத்தில் புளிக்கவைத்த மக்காச்சோள மாவு. இசிப்பிங்கோ, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில்களில் பெருங்கூட்டம் கூடுவது கிறிஸ்தவர்களின் புனித வெள்ளியன்று. தோட்டமும் ஆலையும் சேர்ந்தாற்போல் விடுமுறை விட்டது அப்போதுதான். அம்மன் திருவிழா அந்த நாளுக்கு நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. இத்தகைய வழக்கங்கள் பூர்வீக ஊரைக் காட்டா. பாட்டனார் எப்படிப்பட்ட வேலைநாட்காட்டியில் வாழ்ந்தார் என்பதைக் காட்டும்.

மூன்றாவது, கட்டடங்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் விநாயகர் கோயிலை 1898-இல் கட்டிய கிஸ்டப்பா ரெட்டி போன்ற சிற்பிகள் ஊரில் கண்டதை நினைவிலிருந்து செங்கல்லில் எழுப்பினார்கள். இந்த வகைச் சான்றுகளுக்குப் பேரிழப்பு, குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிகள் சட்டத்தால் வந்தது. கேட்டோ மேனர் போன்ற பகுதிகளிலிருந்து குடும்பங்கள் பெயர்க்கப்பட்டு சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. அக்கம்பக்கம் கலைந்ததும் யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லும் பெரியவர்களின் வட்டமும் கலைந்தது.

7. தமிழ்நாட்டுப் பக்கம்

இங்கே தேடுவோர் முதலில் கேட்பது பட்டா. பாட்டனார் நிலமற்ற கூலி என்றால் வருவாய்த் துறை ஆவணத்தில் பெயர் இருக்காது. பிறப்புப் பதிவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1899-இல்தான் வந்தது. 1870-இல் பிறந்தவருக்குச் சான்று தேடுவது வீண். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டும் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு கைகொடுக்கும்.

மற்றவர்களுக்கு வழி, கிராமத்துப் பெரியவர்களும் குலதெய்வக் கோயில் பங்காளிகளும்தான். ‘அக்கரைக்குப் போனவர் திரும்பி வரவில்லை’ என்ற பேச்சு சில வீடுகளில் இன்னும் இருக்கும். ஆனால் வந்து நிற்கும் விருந்தாளியை மகிழ்விக்க ஊரார் உறவை ஏற்றுக்கொள்வதும் உண்டு. தகப்பன் பெயர், உடன் சென்றவர் பெயர், குலதெய்வம் ஆகிய மூன்றையும் முன்கூட்டிச் சொல்லிவிடாமல், அவர்கள் வாயிலிருந்தே வருகிறதா என்று பார்ப்பது பாதுகாப்பான முறை.

8. முடிவுகள்

மேலே கண்டவற்றைத் தொகுத்தால் கிடைப்பவை:

அ) பதிவேட்டில் எண், உடல் அடையாளம், ஒப்படைப்பு ஆகியவை வலுவான சான்றுகள், ஜில்லாவும் தாலுகாவும் பயன்படுத்தத்தக்கவை, கிராமமும் பெயரும் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியவை, சாதியும் வயதும் தனித்து எதையும் நிறுவா.

ஆ) ஒருவரின் வரியை அவருக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இ) வழிபாடும் கூத்தும் வட்டாரத்தைச் சுட்டும், கிராமத்தைச் சுட்டா.

ஈ) குடும்பத்தின் பூர்வீகம் என்பது கப்பலேறிய ஊர், உழைத்த தோட்டம், தங்கிய இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. முதலாவது கிடைக்காத குடும்பமும் பூர்வீகம் இல்லாத குடும்பமன்று.

செய்ய வேண்டிய வேலை ஒன்று தமிழ்நாட்டு ஆய்வாளர்களுக்கு எஞ்சியிருக்கிறது. பதிவேடுகளில் காணும் ஊர்ப்பெயர்களை, 1911-க்கு முந்திய தாலுகா எல்லைகளின்படி, இன்றைய வருவாய்க் கிராமங்களோடு பொருத்தும் ஓர் அகராதி வேண்டும். டர்பனில் இருப்பவருக்கு ‘மூன்சாமி’ யார் என்று தெரியும். அவருடைய தாலுகா இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பது தெரியாது. அதைச் சொல்லக்கூடிய நிலையில் இருப்பவர்கள் நாம்.